பொம்மைப் படமா பிள்ளையைக் கெடுக்கிறது?



காரைக்காலில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியைப் பற்றி இன்னும் எழுதுவதாகப் போன பதிவில் சொல்லியிருந்தேன். அது காத்திருக்கட்டும். இந்த வாரம் வேறொரு விஷயம் மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது. அதை இறக்கி வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

சென்ற ஞாயிறு மாலை ஓய்வூதிய நண்பர்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அகவிலைப்படி, மூட்டு வலி, முல்லைப் பெரியாறு நீர்மட்டம் என்று வழக்கமான பேச்சு. உள்ளறையில் என் பேரன் டி.வி.யில் ஜப்பான்காரர்களின் ரோபோ தொடர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். பதினாலு வயது.

நண்பர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். சத்தத்தைக் கேட்டு முகம் சுளித்தார்.

"என்ன சார், நீங்களும் கூட உக்காந்து பாக்குறீங்களாமே? இந்தப் பொம்மைப் படந்தான் சார் பிள்ளைங்களக் கெடுக்குது. ஒரே அடிதடி, ரத்தம். பச்சப் பிள்ள மனசு என்னத்துக்கு ஆகும்?"

நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி காபி கொண்டு வந்தாள். காபியைக் குடித்து முடித்த கையோடு அதே மனிதர் கேட்டார்: "வர்ற ஜூன்ல பத்தாவது. எந்த ஆஸ்டல்ல போடப் போறீங்க? இப்பவே பணம் கட்டினாத்தான் சார் இடம். காலைல நாலரைக்கு எழுப்பி விட்டா ராத்திரி பதினோரு மணி வரைக்கும் நீட் கோச்சிங். பையன் அசைய முடியாது!"

இரண்டும் ஒரே வாயிலிருந்து, பத்து நிமிட இடைவெளியில் வந்த பேச்சு. முதலாவதில் பச்சைப் பிள்ளை மனசு. இரண்டாவதில் பையன் அசைய முடியாது. இந்தப் பதிவு அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றியதுதான்.

நான் 37 ஆண்டுகள் அரசாங்கத்தில் எழுத்தராக இருந்தவன். கோப்பைப் படிக்காமல் குறிப்பு எழுதாதே என்று என் முதல் மேலதிகாரி சொல்லிக் கொடுத்தார். இந்தப் படங்களைத் திட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கோப்பைப் பிரிக்காமலே கையெழுத்துப் போடுகிறவர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு நாள் பேரன், "தாத்தா, இதுல பிரெஞ்சுல எழுத்து வருது, நீங்க படிக்கலாம்" என்று அடியில் ஓடும் வரிகளைப் பிரெஞ்சுக்கு மாற்றிக் கொடுத்தான். காரைக்கால் பள்ளியில் கற்ற மொழி, ஐம்பத்தைந்து வருஷம் கழித்து, அல்லிநகரத்தில், ஜப்பான் பொம்மைப் படத்துக்குப் பயன்பட்டது! பாரதிராஜா பிறந்த ஊரில் குடியிருந்துகொண்டு படம் பார்ப்பதைக் குற்றம் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

அந்தத் தொடரின் பெயர் 'நியோன் ஜெனிசிஸ் எவாஞ்செலியன்'. 1995 அக்டோபரிலிருந்து 1996 மார்ச் வரை ஜப்பான் தொலைக்காட்சியில் 26 பகுதிகளாக ஓடியது. இயக்குநர் ஹிதேயாக்கி அன்னோ.

கதையைச் சொல்கிறேன். ஷின்ஜி என்று ஒரு பையன். பதினாலு வயது. தாய் இல்லை. தகப்பன் கெண்டோ ஒரு பெரிய ரகசிய நிறுவனத்தின் தலைவர். மூன்று வருஷமாக மகனைப் பார்க்காத மனிதர், ஒரு நாள் வா என்று கடிதம் போடுகிறார். பையனும் ஆசையோடு போகிறான். போனால், பூமிக்கு அடியில் மலை போல் ஒரு எந்திரம் நிற்கிறது. அதன் பெயர் எவா. மேலே கண்ணாடிக்குப் பின்னால் தகப்பன் நிற்கிறார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. இதில் ஏறி, வெளியே வந்திருக்கும் அரக்கனோடு சண்டை போடு என்கிறார். பையன் மாட்டேன் என்கிறான். அப்படியானால் திரும்பிப் போ என்கிறார் தகப்பன். அதோடு விடவில்லை. உடம்பெல்லாம் கட்டுப் போட்ட ஒரு சிறுமியைத் தள்ளுகட்டிலில் கொண்டு வரச் சொல்கிறார். நீ ஏறாவிட்டால் இவள்தான் ஏற வேண்டும் என்பது பொருள். அவள் கீழே விழுகிறாள், பையன் தாங்குகிறான், அவன் கையில் ரத்தம். ஓடக் கூடாது, ஓடக் கூடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஏறுகிறான்.

இது முதல் பகுதி. இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அரக்கனைக் கண்டு பயந்ததால் அல்ல. அந்தத் தகப்பனின் குரல் எனக்குத் தெரிந்த குரலாக இருந்தது.

என் கட்சி இதுதான்: ரோபோ படங்கள் பிள்ளைகளுக்குச் சண்டை கற்றுத் தருவதில்லை. பெரியவர்கள் தாங்கள் கட்டிய எந்திரத்துக்குள், தாங்கள் மூட்டிய போருக்காக, பிள்ளைகளை ஏற்றி விடுகிறார்கள் என்பதைத்தான் அவை திரும்பத் திரும்பச் சொல்கின்றன. நமக்கு எரிச்சல் வருவது ரத்தத்தைப் பார்த்து அல்ல, நம் முகத்தைப் பார்த்து.

இது என் கற்பனை அல்ல. வரிசையாகப் பாருங்கள். 1956-இல் மித்சுதெரு யோகோயாமா என்ற கோபே நகரத்துக்காரர் 'தெத்சுஜின் 28' என்ற படக்கதையை வரையத் தொடங்கினார். உலகப் போரின் கடைசியில் ராணுவத்துக்காக உருவாக்கப்பட்ட ராட்சத எந்திரம், போர் முடிந்த பிறகு ஒரு சிறுவன் கையில் வந்து சேர்கிறது. 1972-இல் 'மஸிங்கர் Z' என்ற தொடர். அதில் எந்திரத்தைக் கட்டியவர் தாத்தா. பேரனுக்குக் கொடுத்துவிட்டுச் செத்துப் போகிறார். எந்திரத்தின் தலையிலேயே பையன் போய் உட்காருகிறான். 1979-இல் 'கண்டம்'. எந்திரத்தை வடிவமைத்தவர் தகப்பன். ஏறுகிறவன் பதினைந்து வயது மகன். 1995-இல் எவாஞ்செலியன். தகப்பனே மேலே நின்று உத்தரவு போடுகிறார். தாத்தா, தகப்பன், எந்திரம், பையன். நாற்பது வருஷமாக ஒரே கோப்புதான், எண் மட்டும் மாறியிருக்கிறது.

ஜப்பான்காரர்களுக்கு இது ஏன் மறக்கவில்லை? 1945-இல் அந்த நாடு பள்ளிப் பிள்ளைகளைப் போர் வேலைக்கு இழுத்தது. ஆகஸ்ட் 6 காலை ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது, குண்டுவீச்சில் தீ பரவாமலிருக்க வீடுகளை இடித்துச் சுத்தம் செய்யும் வேலையில் ஆயிரக்கணக்கான பள்ளி மாணவர்கள் தெருவில் நின்றார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு வயது. நாட்டுக்காக என்று சொல்லி அனுப்பியவர்கள் பெரியவர்கள். அந்த நாட்டில் பிறந்த கதை இப்படித்தானே இருக்கும்?

நம் ஊரில் எல்லையில் ஐயனாரும் கருப்பசாமியும் காவல் நிற்கிறார்கள். பிள்ளைகள் உள்ளே தூங்குகிறார்கள். அந்தப் படத்தில் பிள்ளைகள் எல்லையில் நிற்கிறார்கள், பெரியவர்கள் பூமிக்கு அடியில் பத்திரமாக உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறார்கள். எது முறை என்று நமக்கு ஒருவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தலைமையாசிரியர் நண்பர் சொன்ன குற்றச்சாட்டும் புதியதல்ல. என் அக்கா ஒரு சொல்தாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் பாரிசுக்கு வடக்கே சார்செல்லில் குடியேறினார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த நம் ஆட்களைக் காரைக்காலில் சொல்தா என்றுதான் சொல்வோம். 1979-இல் அக்கா எழுதிய ஒரு கடிதத்தில், பிள்ளைகள் மாலையானால் 'கோல்தொராக்' என்ற ரோபோவுக்கு முன்னால் சிலையாகிவிடுகிறார்கள், சோறு இறங்கவில்லை என்று புலம்பியிருந்தார். அந்த ஜப்பான் தொடர் 1978 ஜூலை 3 அன்று பிரான்சில் ஆந்தென் தூ என்ற அரசு அலைவரிசையில் தொடங்கியது. நாடே இரண்டு பட்டது. பிள்ளைகள் பைத்தியமானார்கள், பெற்றோர்கள் கொதித்தார்கள். 1989-இல் செகோலென் ரொயால் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் தொலைக்காட்சியையும் ஜப்பான் பொம்மைப் படங்களையும் எதிர்த்துப் புத்தகமே எழுதினார். பின்னாளில், 2007-இல், அந்த அம்மையார் குடியரசுத் தலைவர் பதவிக்கே போட்டியிட்டார்.

என்ன ஆயிற்று? கோல்தொராக் பார்த்த தலைமுறை கொலைகாரர்களாகவில்லை. சிறு வயதில் அதைப் பார்த்து வளர்ந்த ஓவியர்களும் எழுத்தாளர்களும் சேர்ந்து 2021-இல் கோல்தொராக்கைப் பெரிய படக்கதைப் புத்தகமாக வெளியிட்டார்கள். என் அக்கா பிள்ளைகளில் ஒருத்தி இன்று நர்ஸ், ஒருவன் ரயில்வேயில் வேலை. இருவரும் நல்ல பிள்ளைகள்.

1981-இல் லிலியான் லூர்சா என்ற உளவியலாளர் ஒரு புத்தகம் எழுதினார். தலைப்பைத் தமிழில் சொன்னால், 'ஐந்து வயதில், கோல்தொராக்கோடு தனியே' என்று வரும். எல்லாரும் கோல்தொராக் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அடித்தார்கள். எனக்கு அதில் 'தனியே' என்ற சொல்தான் சுடுகிறது. டி.வி.க்கு முன்னால் பிள்ளையைத் தனியே விட்டது யார்? ரோபோவா?

பிலிப்பைன்ஸ் நாட்டுக் கதை இன்னும் வேடிக்கை. 'வோல்டெஸ் ஐந்து' என்ற ரோபோ தொடர் அங்கே சக்கைப் போடு போட்டுக்கொண்டிருந்தது. கொடுங்கோல் அரசை எதிர்த்து இளைஞர்கள் போராடும் கதை. 1979-இல், முடிவதற்குச் சில பகுதிகளே இருக்கும்போது, அதிபர் மார்கோஸ் தடை போட்டார். சொன்ன காரணம் வன்முறை. சொன்னவர் யார்? நாட்டை ராணுவச் சட்டத்தில் வைத்திருந்தவர்! 1986-இல் மக்கள் அவரையே விரட்டினார்கள். அந்தத் தொடரோ 2023-இல் அங்கே ஆட்களை நடிக்க வைத்துப் புதிதாக எடுக்கப்பட்டது. பிள்ளைகளின் மனசுக்காகக் கண்ணீர் விடுகிறவர்களின் கையில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இனி நம் கையைப் பார்ப்போம்.

2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பயிற்சி மையங்களில் சேர்க்கக் கூடாது என்று அதில் சொல்லியிருக்கிறது. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்தே 'ஃபவுண்டேஷன்' என்று விளம்பரப் பலகை கண்ணில் படுகிறது. ஆறாம் வகுப்பு என்றால் பதினொரு வயது. அந்த ஜப்பான் கதையில் கூடப் பதினாலு வரைக்கும் பொறுத்தார்கள்.

ராஜஸ்தானில் கோட்டா என்ற ஊர், பயிற்சி மையங்களுக்கென்றே பேர் வாங்கியது. அங்கே பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொள்வது தொடர்ந்ததால், 2023 ஆகஸ்டில் மாவட்ட நிர்வாகம் ஓர் உத்தரவு போட்டது: விடுதி மின்விசிறிகளில் பாரம் தொங்கினால் கீழே இறங்கும்படி ஸ்பிரிங் மாட்ட வேண்டும். நண்பர்களே, 37 ஆண்டுகளில் எத்தனையோ உத்தரவுகளைத் தட்டச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். இதைப் போல் ஓர் உத்தரவை நான் எழுத நேர்ந்திருந்தால் கை நடுங்கியிருக்கும். ஒரு உயிரையாவது காத்தால் சரி, ஸ்பிரிங்கைக் குறை சொல்லவில்லை. ஆனால் எந்திரத்தை நிறுத்த மனம் வராமல், அதற்குள் அடிபடாமலிருக்க மெத்தை வைக்கிறோம். அதை எழுதிய நாட்டில் உட்கார்ந்துகொண்டு, பொம்மைப் படத்தில் வன்முறை என்கிறோம்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? 2019 செப்டம்பரில் நம் கானாவிலக்கு மருத்துவக் கல்லூரி அகில இந்தியச் செய்தியானது நினைவிருக்கும். முதலாண்டு மாணவர் ஒருவருக்காக வேறொருவர் நீட் எழுதினார் என்று வழக்கு. மாணவரோடு அவருடைய தந்தையும் கைதானார். தந்தையும் மருத்துவர். வழக்கின் தீர்ப்பை நீதிமன்றம் சொல்லட்டும், எனக்கு அதில் வேலை இல்லை. ஆனால் எவாஞ்செலியனின் 18-வது பகுதியைப் பார்த்தபோது எனக்கு அந்தச் செய்தி நினைவுக்கு வந்தது. அதில் ஷின்ஜி சண்டை போட மறுக்கிறான், எதிரில் நிற்கும் எந்திரத்துக்குள் ஒரு பிள்ளை இருக்கிறது என்று. தகப்பன் கெண்டோ என்ன செய்கிறார் தெரியுமா? மகனின் பிடியைத் துண்டித்துவிட்டு, அவனுக்குப் பதிலாக இயங்கும் ஒரு போலிக் கருவியைப் போட்டு எந்திரத்தை ஓட்டுகிறார். மகன் உள்ளேயே உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கிறான். எந்திரம் ஓடினால் போதும். உள்ளே இருப்பது மகனா, மாற்றாளா என்பது கூடத் தகப்பனுக்குப் பொருட்டில்லை.

பேரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கண்ணாடியைத் துடைப்பது போல் துடைத்துக்கொண்டேன்.

ஏனென்றால் நானும் ஒரு கெண்டோ.

என் அப்பா என்னைப் பிரெஞ்சுப் பள்ளியில் போட்டார். 1954-இல் பிரெஞ்சுக்காரன் போய்விட்டான், 1962-இல் சட்டப்படியும் எல்லாம் கைமாறியது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆனாலும் அப்பா மாற்றவில்லை. பாரிசில் உத்தியோகம் என்று அவர் ஒரு கணக்குப் போட்டிருந்தார். குடியுரிமை வேண்டுமென்று எழுதிக் கொடுக்க ஆறு மாத அவகாசம் இருந்தது. அதில் தயங்கித் தயங்கி நாளைக் கடத்திவிட்டார். நான் இங்கேயே நின்றேன், கையில் ஒருவருக்கும் வேண்டாத படிப்போடு. பதினெட்டு வயதுக்கு மேல் ஆங்கிலம் கற்று எழுத்தர் வேலைக்கு வந்தேன். அப்பா ஒரு தடவையும் என்னைக் கேட்டதில்லை.

அந்த வலி தெரிந்த நான் என்ன செய்தேன்? என் மகனை 1993-இல் ஒரு விடுதிப் பள்ளியில் கொண்டு போய்ப் போட்டேன். நான் அடையாததை அவன் அடைய வேண்டும் என்று. முதல் மாதம் பார்க்கப் போனபோது வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, கூட்டிட்டுப் போயிடுப்பா" என்றான். ரெண்டே வருஷம், பல்லைக் கடிச்சிக்கிட்டு இரு என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன். அவன் நல்ல மதிப்பெண் வாங்கினான். இன்ஜினீயரானான். இன்று வரை என்னிடம் நாலு வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் பேசுவதில்லை. நல்ல மகன், மருந்து வாங்கித் தருகிறான், மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறான். பேச்சுதான் இல்லை.

அதே மகன் எட்டு வயதில் தூர்தர்ஷனில் 'ஜயன்ட் ரோபோ' பார்ப்பான். ஜப்பான் சிறுவன் கைக்கடிகாரத்தில் உத்தரவு கொடுப்பான், ராட்சதன் பறந்து வருவான். பொம்மைப் படம் அல்ல, ஆட்கள் நடித்தது. கடைசியில் அந்த ராட்சதன் சிறுவனையும் பூமியையும் காப்பாற்றத் தன்னையே அழித்துக்கொள்ளும். மகன் அழுதான் என்று என் மனைவி சொன்னாள். நான் அன்று பார்க்கவில்லை. அலுவலகக் கோப்பை வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தேன்.

சிலர் கேட்பார்கள்: அப்படியானால் பிள்ளைகளைப் படிக்க வைக்கவே கூடாதா? வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலையடிவாரத்து ஏழைப் பிள்ளை டாக்டராக வேண்டும் என்று நினைப்பது பாவமில்லை. அந்தப் பிள்ளை தானாக ஏறினால் நாம் ஏணி பிடிப்போம். தூக்கி உள்ளே போட்டுக் கதவைச் சாத்துவது வேறு.

எவாஞ்செலியன் சின்னக் குழந்தைகளுக்கு ஏற்றதா? இல்லை. சில இடங்கள் எனக்கே சங்கடமாக இருந்தன, வேகமாக ஓட்டினோம். அதற்குத்தான் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும் என்கிறேன். கண் கெடும், நேரம் போகும் என்பதும் சரிதான். நாளைக்கு ஒரு பகுதி என்று நானும் அவனும் பேசி வைத்திருக்கிறோம். அவன் மீறியதில்லை. நான் இரண்டு தடவை மீறினேன்.

கடைசி இரண்டு பகுதிகளில் சண்டையே இல்லை. பையனின் மனசுக்குள் நடக்கும் பேச்சுதான். நான் எதற்காக எந்திரத்தில் ஏறுகிறேன், ஏறாவிட்டால் என்னை யாராவது விரும்புவார்களா என்று அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். 1996-இல் ஜப்பானிலேயே பலருக்குக் கோபம் வந்ததாம், அரக்கனை அடிக்கும் காட்சி எங்கே என்று. என் பேரனுக்குக் கோபம் வரவில்லை. படம் முடிந்ததும் கேட்டான்:

"தாத்தா, நான் நீட்ல பாஸாகலைன்னா அப்பா எங்கூடப் பேசுவாரா?"

தலைமையாசிரியர் சார், நீங்கள் சொல்லுங்கள். இந்தக் கேள்வியை அவன் மனசில் போட்டது பொம்மைப் படமா? அது முன்பே அங்கே இருந்தது. கேட்க அவனுக்கு வாய் கொடுத்தது மட்டும்தான் அந்தப் படம்.

விடுதிக்கு முன்பணம் கட்ட இந்த மாதம் 30-ஆம் தேதி கடைசி. மகன் பணம் எடுத்து வைத்திருக்கிறான். இந்தப் பதிவுகளை அவன் படிக்கிறான் என்று மருமகள் சொன்னாள். ஆகவே இந்தக் கடைசி வரிகள் அவனுக்கு.

தம்பி, 1993-இல் நான் உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நீ வேட்டியைப் பிடித்த கையை நான் எடுத்து விட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு முப்பது வருஷமும் ஒரு ஜப்பான் பொம்மைப் படமும் தேவைப்பட்டன. பணம் கட்டுவதும் கட்டாததும் உன் முடிவு, நீ தகப்பன். ஆனால் கட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் சாயந்திரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து முதல் பகுதியை மட்டும் பார். இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்தான். பார்த்து முடித்த பிறகு அவனைக் கேள், உனக்கு என்னடா வேணும் என்று.

நான் அடுத்த அறையில்தான் இருப்பேன்.

காரைக்கால் பள்ளிக் கதை அடுத்த வாரம்.